பாலக்காட்டு எல்லையிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு: எல்எல்எம் விண்ணப்பம் தயாரிக்கும் முறை

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் வழியில் பள்ளி முடித்து, திருச்சூரிலோ கோவையிலோ அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஹார்வர்டும் ஆக்ஸ்ஃபோர்டும் எட்டாத இடங்கள் அல்ல. இங்கிருந்து போகும் விண்ணப்பம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் தோற்கிறது. ஒன்று, காகிதங்கள் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. இரண்டு, கட்டுரையில் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதை எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் நம்மால் சரிசெய்ய முடியும்.

எந்தப் படிப்பு

எல்எல்பி முடித்தவர்களுக்கு உரியது ஓராண்டு எல்எல்எம், அதாவது சட்ட முதுநிலைப் படிப்பு. அமெரிக்காவில் ஆகஸ்ட் முதல் மே வரை நடக்கும், கேம்பிரிட்ஜில் சுமார் ஒன்பது மாதம். ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கு நிகரானதை பிசிஎல் என்கிறார்கள். பெயரில் பேச்சிலர் என்று இருந்தாலும் அது முதுநிலைப் படிப்புதான். இந்தியா போன்ற பொதுச் சட்ட நாடுகளில் படித்தவர்கள் பிசிஎல்லுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எம்ஜூர் என்ற இணைப் படிப்பு ஐரோப்பியச் சட்ட மரபில் படித்தவர்களுக்கானது. யேல் எடுக்கும் எல்எல்எம் மாணவர்கள் மிகச் சிலர், அதுவும் பெரும்பாலும் பேராசிரியர் ஆக விரும்புகிறவர்கள். நீதிமன்றத்தில் நிற்கவோ நிறுவனத்தில் வேலை பார்க்கவோ நினைப்பவர் யேலை விட்டுவிட்டு அந்தக் கட்டணத்தை வேறொரு விண்ணப்பத்தில் போடலாம்.

வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு அமெரிக்காவில் ஜேடி என்ற மூன்றாண்டுச் சட்டப் பட்டம் உண்டு. அதற்கு வழக்கமாக எல்சாட் தேர்வு எழுத வேண்டும், மதிப்பெண் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்டிலிருந்து அதில் தர்க்கப் புதிர்ப் பகுதி கிடையாது. பழைய பயிற்சிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பிளஸ் டூ முடித்து நேராக இங்கிலாந்தில் எல்எல்பி படிக்க நினைப்பவர்களிடம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற சில பல்கலைக்கழகங்கள் கேட்பது எல்நாட் என்ற தேர்வு. 95 நிமிடத்தில் 42 கேள்விகள், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் 15-இல் முடிந்துவிடும். இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றை முன்பே யோசிக்க வேண்டும். வெளிநாட்டு எல்எல்பியோடு திரும்பி வந்தால், இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த பல்கலைக்கழகமாக இருந்தாலும், தனித் தகுதித் தேர்வு எழுதினால்தான் இங்கே வக்கீலாகப் பதிவு செய்ய முடியும். அதனால் எல்லையோரக் குடும்பங்களுக்கு எல்எல்பியை இங்கே முடித்துவிட்டு எல்எல்எம்முக்குப் போவதே செலவிலும் பாதுகாப்பிலும் நல்ல வழி. இனி வருவதெல்லாம் அந்த வழியைப் பற்றியது.

பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

கேரள எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, தமிழ்நாட்டுக் கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. இந்தப் பக்கத்து மாணவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுவது. அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால், உங்கள் பெயரையே குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்று அதற்குப் பொருள். அங்கே போனபின் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், பார் (வக்கீல் தகுதி) தேர்வுப் பதிவு என்று ஒவ்வோரிடத்திலும் அந்த மூன்றெழுத்து தொல்லை தரும்.

ஆகவே முதல் வேலை, அப்பா பெயரையோ இனிஷியலின் விரிவையோ குடும்பப் பெயர் இடத்தில் வைத்து பாஸ்போர்ட்டை மறுபதிப்பு வாங்குவது. அதன்பின் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், வங்கிக் கடன் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பழைய சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருந்தால் நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணும் டிரான்ஸ்கிரிப்டும்

நம் அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் கஞ்சத்தனமாகத்தான் விழும். 60 சதவீதம் தாண்டினால் முதல் வகுப்பு, 65 தாண்டினால் ரேங்க் பட்டியலில் இடம் கிடைத்தாலும் கிடைக்கும். வெளிநாட்டில் விண்ணப்பத்தைப் படிப்பவர் இதை அறிந்திருப்பார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவரின் கிரேடு அட்டை பக்கத்தில் உங்கள் 62 சதவீதம் மெலிந்து தெரியும். அதை நிமிர்த்துவது ரேங்க். பல்கலைக்கழகம் ரேங்க் சான்றிதழ் தந்தால் அதை வாங்குங்கள். தராவிட்டால் கல்லூரி முதல்வரிடம், உங்கள் பிரிவில் மொத்தம் எத்தனை பேர், அதில் முதல் வகுப்பு பெற்றவர்கள் எத்தனை பேர், உங்கள் இடம் எது என்று மூன்று வரியில் கல்லூரித் தாளில் கடிதம் கேளுங்கள். இந்த ஒரு தாள் பத்துப் பாராட்டுச் சான்றிதழைவிட வேலை செய்யும்.

திருச்சூர், கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள் டிரான்ஸ்கிரிப்டுக்கு தேஞ்ஞிப்பாலத்தில் உள்ள கோழிக்கோடு பல்கலைக்கழகப் பரீட்சா பவனுக்குத்தான் போக வேண்டும். கோவைக்காரர்களுக்கு சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். அரியர் எழுதித் தேறிய தாள் இருந்தால், அந்த செமஸ்டரின் மதிப்பெண் பட்டியல் திருத்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே டிரான்ஸ்கிரிப்ட் கேளுங்கள். அவசரத்தில் வாங்கினால் பழைய மதிப்பெண்ணே அதில் ஏறிவிடும்.

கொலம்பியா போன்ற பல அமெரிக்கக் கல்லூரிகள் எல்சாக் என்ற அமைப்பின் வழியாக ஆவணங்களைப் பெறுகின்றன. பல்கலைக்கழகமே உறையில் போட்டு, மூடிய மடிப்பின் மேல் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்ப வேண்டும். நீங்கள் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினால் அது செல்லாது. கேட்கும்போதே நான்கைந்து உறைகளாகக் கேட்டு வாங்குங்கள், உங்கள் பார்வைக்கு ஒரு பிரதி தனியாக. ஒவ்வொரு முறையும் தேஞ்ஞிப்பாலம் போய் வருவது நாள் முழுக்கத் தின்னும் பயணம்.

பரிந்துரைக் கடிதம்

இரண்டோ மூன்றோ கேட்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மூன்று கேட்கும். ஓய்வுபெற்ற நீதிபதி, கட்சிப் பிரமுகர், உறவில் ஒரு மூத்த வக்கீல் என்று தேடி ஓடாதீர்கள். உங்கள் விடைத்தாளையோ கட்டுரையையோ படித்துத் திருத்திய ஆசிரியர் எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. மூன்றாவது கடிதம் வேண்டுமானால் ஜூனியராக வேலை பார்த்த சீனியரிடம் வாங்கலாம், அதுவும் அவர் உங்கள் வரைவு மனுக்களைப் பார்த்தவராக இருந்தால்.

நடைமுறையில் இரண்டு இடத்தில் சிக்கும். விண்ணப்பத் தளம் பரிந்துரைப்பவரின் நிறுவன மின்னஞ்சலைக் கேட்கும், அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் பயன்படுத்துவது ஜிமெயில். கல்லூரியின் அதிகாரப்பூர்வ முகவரி ஒன்றை அவருக்கு முன்பே ஏற்பாடு செய்து தரச் சொல்லி முதல்வரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் கடிதத்தைக் கல்லூரித் தாளில், பதவி முத்திரையோடு ஏற்ற வேண்டும். இரண்டாவது, "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். இதற்கு உடன்படாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே கையில் எழுதியவை என்பது படிப்பவருக்கு உடனே தெரியும், நேர்மைக் கேள்வியும் எழும். அதற்குப் பதிலாக, ஆறு வாரம் முன்பே அவரிடம் உங்கள் மதிப்பெண் பட்டியல், அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரை, எந்தெந்தக் கல்லூரிக்கு எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள் என்ற ஒரு பக்கம், கடைசித் தேதிகள் இவற்றைக் கொடுத்துவிடுங்கள். எழுதும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டால் ஆசிரியர்களே எழுதுவார்கள்.

ஆங்கிலம்

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் ஐஈஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7.0 எதிர்பார்க்கின்றன. முடிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆங்கில வழியில் படித்தேன் என்ற கல்லூரிக் கடிதத்தைச் சில கல்லூரிகள் ஏற்கும், எல்லாம் ஏற்காது. தேர்வைத் தமிழில் எழுதியவர்களுக்கு அந்தக் கடிதம் பொருந்தாது, மதிப்பெண்தான் வழி. தமிழ் வழியில் வந்தவர்களுக்கு வாசிப்பும் கேட்பதும் சீக்கிரம் கைக்கு வரும், எழுத்துத்தான் 6.5-இல் நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்யும் தொடக்க வாக்கியங்கள். இரண்டாம் கட்டுரைக்கு 40 நிமிடம், 250 சொல். அதில் கேள்விக்கு நேர் பதிலும் அதற்கான காரணமும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். சட்டம் படித்தவருக்கு இது கைவந்த பழக்கம்தான். நன்கு எழுதப்பட்ட ஒரு தீர்ப்பைத் தினமும் நான்கு பக்கம் படித்து, அதை 200 சொல்லில் சுருக்கி எழுதிப் பாருங்கள். மூன்று மாதத்தில் மாற்றம் தெரியும்.

கட்டுரை: உங்கள் ஊரே உங்கள் பலம்

விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஹார்வர்டு பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கட்டுரையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு சட்டப் பிரச்சினையை எடுத்து அதற்கு உங்கள் பகுப்பாய்வைத் தர வேண்டும். பிறகு, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு உங்களைப் பற்றிக் கேட்பது சுருக்கம்தான், ஆனால் சட்டத்தில் நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றைத் தனியாகக் கேட்கும்.

இந்தப் பகுதி மாணவர்கள் பலர் செயற்கை நுண்ணறிவு, கிரிப்டோ, விண்வெளிச் சட்டம் என்று எழுதுகிறார்கள். அதே தலைப்பில் டெல்லி, மும்பை, பெங்களூரிலிருந்து ஏராளமானோர் எழுதியிருப்பார்கள், உங்களைவிட வசதியான நூலகத்தோடு. உலகச் சட்டப் பள்ளிகளின் பாடத்தில் இருக்கும் வழக்குகள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பிறந்திருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

பிளாச்சிமடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது, 2004-இல் நின்றது. இதை வைத்து பலவீனமாக எழுதினால் இப்படி வரும்: "எங்கள் ஊர் மக்கள் தண்ணீருக்குத் தவித்தார்கள். அவர்களுக்கு நீதி பெற்றுத் தருவதே என் கனவு." இதில் சட்டமே இல்லை. வலுவாக எழுதினால் வரிசை இப்படிப் போகும். 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்றார். 2005-இல் டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றி, நிலத்துக்காரர் நியாயமான அளவில் நீர் எடுக்கலாம் என்றது. 2011-இல் கேரள சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மசோதா நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இப்போது கேள்வி: நிலத்தடி நீர் மாசுக்கு இழப்பீடு வழங்கும் தீர்ப்பாயத்தை ஒரு மாநிலம் தன் அதிகாரத்தில் அமைக்க முடியுமா? அறங்காவலர் கோட்பாடு அதற்கு அடிப்படை ஆகுமா? இந்தக் கேள்வியிலிருந்து, அந்தக் கல்லூரியின் நீர்ச் சட்டம், கூட்டாட்சிச் சட்டம், ஒப்பீட்டு அரசியலமைப்புச் சட்டம் எதைப் படிக்கப் போகிறீர்கள் என்பது தானாக வரும்.

இதைப் போலவே இன்னும் பல உண்டு. தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பகிரும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. கேரளத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்ற கணக்கில் சித்தூர்ப் பாசனமே நிற்கிறது. பீர்மேடு, தேவிகுளம் பக்கத்தவர்களுக்கு முல்லைப்பெரியாறு: 1886-இல் 999 ஆண்டுக்குக் குத்தகை, 2014-இல் உச்ச நீதிமன்றம் கேரளத்தின் 2006 சட்டத் திருத்தத்தைச் செல்லாது என்றது. ஒரு தீர்ப்பை சட்டசபை சட்டம் போட்டு மீற முடியுமா என்ற அதிகாரப் பிரிவினைக் கேள்வி அதில் இருக்கிறது. மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 2015-இல் தொழிற்சங்கங்களுக்கு வெளியே நடத்திய வேலைநிறுத்தம் தொழிலாளர் சட்டத்துக்கு. தமிழ் வழிப் பள்ளிகளும் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிய அரசியலமைப்பின் 350ஏ பிரிவும் மொழிச் சிறுபான்மையினர் உரிமைக்கு. மலையாளத்தில் வந்த அரசாணையையும் தமிழில் ஊர்க்காரர் சொன்னதையும் ஆங்கிலத் தீர்ப்பையும் ஒருசேரப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள். அந்தத் திறன் எந்தப் பெருநகர மாணவரிடமும் எளிதில் கிடைக்காது. கட்டுரையில் அதைப் புகழ்ந்து சொல்ல வேண்டியதில்லை, சான்றாதாரங்களிலேயே தெரியும்.

கல்லூரியைப் பற்றி எழுதும் பத்தியில், அங்கே இருக்கும் ஒரு பாடம், ஒரு பேராசிரியரின் ஆய்வு, இவை உங்கள் கேள்வியோடு எங்கே சேர்கின்றன என்பது மட்டும் போதும். உலகப் புகழ், பழம்பெருமை என்று எழுதும் ஒவ்வொரு வரியும் வீண். கல்லூரிப் பெயரை மாற்றிப் போட்டாலும் பத்தி பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

எப்போது தொடங்குவது

பெரும்பாலான முதல்வரிசைக் கல்லூரிகளின் கடைசித் தேதி டிசம்பரைச் சுற்றி வரும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் அல்லது அக்டோபரில் வகுப்பு. ஆகவே சேரும் மாதத்துக்குப் பதினெட்டு மாதம் முன்பே பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு, கட்டுரைக் கேள்வி மூன்றையும் தொடங்கிவிட வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் இருப்பவர்களுக்கு அது நான்காம் ஆண்டின் இரண்டாம் பாதி. ஐந்தாறு கல்லூரிக்கு மேல் விண்ணப்பிக்காதீர்கள், கட்டுரையின் தரம் இறங்கும். கொழிஞ்சாம்பாறையிலும் பொள்ளாச்சியிலும் பெருகியிருக்கும் ஏஜென்சிகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கவும் வேண்டாம். அவர்களுக்கு வருமானம் மாணவர் அனுப்பினால் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்களிலிருந்து. மாணவர்கள் தாமே தேடி வரும் இந்த வரிசைக் கல்லூரிகள் அந்தக் கணக்கில் வராது. அதனால் உங்களை வேறு பக்கம் திருப்பிவிடப் பார்ப்பார்கள்.

பணம்

ஹார்வர்டு எல்எல்எம் கல்விக் கட்டணம் மட்டும் 75,000 டாலருக்கு மேல். ஆக்ஸ்ஃபோர்டு பிசிஎல் 40,000 பவுண்டுக்கு மேல். தங்கும் செலவு தனி. உதவித்தொகை இல்லாமல் இதைப் பார்த்து மலைப்பது இயல்பு, ஆனால் வாய்ப்புகள் உண்மையாகவே உள்ளன. ஹார்வர்டு எல்எல்எம் மாணவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறது. விண்ணப்பத்தோடு சேர்த்தே அந்தப் படிவத்தையும் நிரப்புங்கள், பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இங்கிலாந்தின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் வேண்டும். படித்து முடித்ததும் இந்தியாவுக்குத் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். ஜூனியர் வக்கீலாக இரண்டாண்டு உழைத்தவர்களுக்கு ஏற்றது. சீனியரிடம் தேதி போட்ட அனுபவச் சான்று வாங்கி வையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கத் தரும் ரோட்ஸ் உதவித்தொகைக்கு வயது வரம்பு இறுக்கம், இறுதியாண்டிலேயே முயல வேண்டும். இன்லாக்ஸ் அறக்கட்டளை 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு, இடம் கிடைத்த பின் விண்ணப்பிப்பது. ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் கடன் உதவித்தொகை தந்துவருகிறது.

எல்லையோரக் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது அரசு உதவித்தொகைகளில். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்கள், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் போன்றோருக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள். பழங்குடியினருக்குத் தனித் திட்டம் உண்டு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மாநிலத் திட்டங்கள் வேறு. எந்த மாநிலத்துக்கு நீங்கள் உரியவர் என்பதே முதல் கேள்வி. பட்டியல் சாதி, பழங்குடித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி ஆணைப்படி நிர்ணயிக்கப்படுகிறது. அம்மா வீடு தமிழ்நாட்டு ஆனைமலையில், அப்பா வீடு கேரளத்து எருத்தேம்பதியில் என்றால், சொந்த மாநிலம் எது என்பதைத் தாசில்தார் சான்றிதழ்தான் முடிவு செய்யும். ஒரு மாநிலச் சான்றிதழை வைத்து இன்னொரு மாநிலத் திட்டத்தில் விண்ணப்பித்தால் கடைசி நேரத்தில் தள்ளுபடி ஆகும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று நான்கும் ஒரே மாநிலத்தில் இருக்கட்டும். வருமானச் சான்றை அக்ஷயா மையம் வழியாக வில்லேஜ் ஆபீஸில் வாங்கும்போது, விண்ணப்பிக்கும் நாளில் அது காலாவதி ஆகாமல் இருக்குமா என்று தேதியைக் கணக்கிட்டு வாங்குங்கள்.

வங்கிக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாக அடமானம் கேட்பார்கள். சித்தூர்ப் பக்கத்தில் எல்லார் கையிலும் இருப்பது வயல். பல வங்கிகள் வயலை எடுக்காது. அடமானத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆவது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்குத் தருவதால், கடன் திரும்பாவிட்டால் அதை எளிதில் விற்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டமும் வயலின் சந்தை மதிப்பைக் குறைக்கிறது. வீட்டோடு கூடிய புரையிடம் (வீட்டுமனை நிலம்) இருந்தால் அதைக் காட்டுங்கள். ஆதாரம் (நிலப் பத்திரம்), முன் ஆதாரம், நடப்பாண்டு கரம் (நில வரி) கட்டிய ரசீது, கைவசச் சான்று, குடிக்கடச் சான்று (வில்லங்கச் சான்று), லொக்கேஷன் ஸ்கெட்ச் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நிலம் தாத்தா பெயரிலேயே இருந்தால் பாகப் பத்திரம் ஆகாமல் வங்கி தொடாது. இதற்கு மட்டும் ஆறு மாதம் ஆகலாம், அதனால் இடம் கிடைக்கும் முன்பே வீட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

விசா

இங்கிலாந்துக்கு விசா கேட்கும்போது, தேவையான தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு. கணக்கு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா கணக்கு எவ்வளவு பெரியதானாலும் ஏற்க மாட்டார்கள். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் ஒப்புதல் கடிதமும் சேர வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலோடு மட்டும் இருந்தால் முன்பே திருத்துங்கள். வங்கிக் கல்விக் கடன் கடிதம் காட்டினால் 28 நாள் கணக்கு வேண்டாம், ஆனால் கடிதம் ஆறு மாதத்துக்குள் தந்ததாக இருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறு மாதம் செல்லும், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு, கல்லூரி தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் கிடைத்ததும் 350 டாலர் செவிஸ் (மாணவர் பதிவு) கட்டணம் கட்டி, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, பாலக்காட்டுக்காரர்கள் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். கோடையில் தேதி கிடைப்பது கடினம், ஐ-20 வந்த அன்றே தேதி பாருங்கள். நேர்காணலில் படித்து முடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால், கட்டுரையில் எழுதியதையே பேசுங்கள்.

திரும்பி வருவதற்கான ஏற்பாடு

அமெரிக்காவில் வேலை பார்க்க நினைப்பவர்கள் நியூயார்க் பார் தேர்வின் 520.6 விதியைப் படித்துவிட்டு எல்எல்எம் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்எல்எம் வழியாகத் தகுதி பெறுகிறவர்களுக்கு 24 கிரெடிட்டும் சில குறிப்பிட்ட பாடங்களும் கட்டாயம். முதல் வாரத்தில் தவறவிட்டால் ஓராண்டில் ஈடுகட்ட முடியாது. இங்கே திரும்பி வந்து சட்டக் கல்லூரியில் கற்பிக்க விரும்புகிறவர்கள், ஓராண்டு வெளிநாட்டு எல்எல்எம்முக்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று கிளம்பும் முன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலாக வேண்டுமென்றால், போகும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. பாலக்காட்டில் நிற்பவர் கேரள பார் கவுன்சிலிலும், கோவையில் நிற்பவர் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலிலும். 2024 ஜூலை 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்.